புட்டியின் மேல் யார் பெயர்?



சென்ற கோடையில், திருச்சுழிக்கு அருகே உள்ள என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். மானாவாரிச் சீமையின் கோடை எப்படியிருக்கும் என்பதை அந்தப் பக்கத்து மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குண்டாறு மணலாகக் கிடக்கும். கண்மாய் பாளம் பாளமாக வெடித்திருக்கும். சீமைக்கருவேல மரம் ஒன்றுதான் அந்த வெயிலைப் பொருட்படுத்தாமல் பச்சையாக நிற்கும். வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு மணங்கள் எதிர்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஒன்று, வாசலில் இருக்கும் மல்லிகைக் கூடையின் மணம். மற்றொன்று, மாசியில் அறுத்து மூட்டை கட்டி வைத்த கொத்தமல்லியின் மணம். அன்றோ மூன்றாவதாக ஒரு மணமும் வந்தது. இனிப்பாக, கதகதப்பாக, ஐஸ்கிரீம் கடைக்குள் கால் வைத்ததுபோல் இருந்தது.

அந்த மணத்துக்கு உரியவள் என் தமக்கை மகள். அருப்புக்கோட்டையில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்னையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணன், பிறந்தநாளுக்கென்று ஒரு வாசனைப் புட்டியை வாங்கி அனுப்பியிருந்தான். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2021-ஆம் ஆண்டில் தம் பெயராலேயே வெளியிட்ட வெனிலா வாசனை அது. கழுத்தும் தோளுமாக ஒரு பெண்ணுருவச் சிலையைப் போல் புட்டியை அமைத்திருந்தார்கள். “முகர்ந்து பாருங்கள், மாமா” என்று அவள் நீட்டினாள். முகர்ந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன், நான் படித்த பள்ளியில் நூலக அலமாரியைத் திறந்தபோது எழுந்த மணம் நினைவுக்கு வந்தது. அப்படியே சொல்லிவிட்டேன்.

“பழைய புத்தக நாற்றமா?” என்று அவள் முகம் சுருங்கிவிட்டது. பிறகு மெல்லச் சொன்னாள்: “விடியற்காலையில் அம்மாவோடு பூ எடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறேன், மாமா. பேருந்தில் ஏறினால் ‘பூக்கூடை வந்துவிட்டது’ என்று கேலி செய்கிறார்கள். அதை மறைக்கத்தான் இதைப் பூசிக்கொள்கிறேன்.”

திண்ணையில் மொட்டுகளைத் தெரிந்துகொண்டிருந்த என் தமக்கையின் காதில் இது விழுந்தது. கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தெரியத் தொடங்கினாள். சற்று நேரம் கழித்து, “இதிலே என்ன பூ போடுகிறார்கள், தம்பி?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வெனிலா என்பது மரமேறும் ஒரு கொடி. ஆர்க்கிட் இனத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ நாட்டுக் காடுகளுக்கு உரியது. அதன் பூவிலிருந்து இந்த மணத்தை எடுப்பதில்லை. பூ காய்த்து, பீன்ஸ் காயைப் போல நீண்ட காயாகத் தொங்கும். அந்தக் காய் முற்றுவதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் ஆகும். பறித்தவுடன் முகர்ந்தால் பச்சைக் காய்க்கு மணமே இராது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றிப் புழுங்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் மாதக்கணக்கில் காயவைத்த பின்னரே மணம் பிறக்கும். காரணம் என்ன? பச்சைக் காயில் மணப்பொருள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. காயில் உள்ள ஒரு நொதி, புழுக்கத்தில் அந்தப் பிணைப்பை அறுத்து மணப்பொருளை விடுவிக்கிறது. அந்தப் பொருளுக்கு வெனிலின் என்று பெயர்.

ஸ்பெயின் நாட்டார் வெனிலாவை மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் இந்துமாக்கடலில் உள்ள ரியூனியன் தீவில் நட்டுப் பார்த்தார்கள். கொடி வளர்ந்தது; பூவும் பூத்தது; காய் மட்டும் பிடிக்கவில்லை. வெனிலாப் பூவின் ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் இடையே மெல்லிய சவ்வு ஒன்று திரைபோல் நிற்கிறது. அதைக் கடந்து மகரந்தம் சேர்க்கும் பூச்சி அத்தீவில் இல்லை. 1836-இல் பெல்ஜியம் நாட்டுத் தாவரவியலறிஞர் சார்ல் மோரன் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்தில் நாள்தோறும் செய்வதற்கு ஏற்ற எளிய முறை கிட்டவில்லை.

அந்த முறையை 1841-இல் கண்டவன் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் ரியூனியன் தீவில் ஒரு தோட்டக்காரரிடம் அடிமையாக இருந்தவன். பள்ளிக்கூடம் போனவனல்லன். சிறு குச்சியால் அந்தச் சவ்வைத் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை மெல்ல அழுத்தினான். வேலை முடிந்தது! அவனைத் தோட்டம் தோட்டமாக அனுப்பி மற்ற அடிமைகளுக்கும் அதைக் கற்பிக்கச் செய்தார்கள். இன்று உலகில் மிகுதியாக வெனிலா விளைவது மடகாஸ்கர் தீவில். பூ ஒரு காலையில் விரிந்து அன்றே வாடிவிடும் ஆதலால், அங்கும் உழவர்கள் விடிந்ததும் கொடி கொடியாகச் சென்று, பூவுக்குப் பூ, எட்மண்ட் காட்டிய வழியிலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள்.

அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது என்ன? 1848-இல் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அப்போது அவனுக்கு ஆல்பியஸ் என்னும் குடும்பப்பெயர் வழங்கப்பட்டது. அதுவரை அவனுக்குக் குடும்பப்பெயர்கூடக் கிடையாது. பின்னர்த் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றான். இதற்கிடையே, அந்த முறையைக் கண்டவன் நானே என்று ஒரு தாவரவியலறிஞர் உரிமை கொண்டாடினார். எட்மண்டின் பழைய எசமானரே அவன் பக்கம் நின்று, கண்டவன் அவன்தான் என்று எழுதி வைத்தார். அதனால்தான் அவன் பெயர் நமக்குத் தெரிகிறது. 1880-இல் எட்மண்ட் ஆல்பியஸ் வறுமையில் இறந்தார். அடிமைமுறை நீங்கிய பின்னர் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். அவர்களுடைய வழியினர் இன்றும் அங்கே தீமிதித் திருவிழா நடத்துகிறார்கள். ஆகவே அந்தத் தீவு நமக்கு முற்றிலும் அயலானதன்று.

இனி வேதியியல் மாணவர்களுக்கு உரிய பகுதிக்கு வருவோம். 1858-இல் பிரான்சு நாட்டு நிக்கோலா தியோடர் கோப்லி, வெனிலாக் காயிலிருந்து வெனிலினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1874-இல் செர்மானியரான பெர்டினாண்ட் டீமன், வில்ஹெல்ம் ஹார்மன் என்னும் இருவர், ஊசியிலை மரத்தின் சாற்றில் கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு வெனிலினைச் செயற்கையாக ஆக்கினார்கள். பிறகு கிராம்பு எண்ணெயிலிருந்தும் ஆக்கும் வழி ஏற்பட்டது. 1930-களில் அமெரிக்காவில் காகித ஆலைக் கழிவுநீரிலிருந்தே வெனிலின் எடுத்தார்கள். இப்போது பெரும்பகுதி பெட்ரோலிய வழிப் பொருள்களிலிருந்து வருகிறது. உலகில் வெனிலா என்று நாம் சுவைப்பதிலும் முகர்வதிலும் கொடியில் காய்த்தது நூற்றில் ஒரு பங்குகூட இராது.

காகித ஆலை என்றேன் அல்லவா? என் நூலக அலமாரியின் மர்மம் அங்கேதான் இருக்கிறது. மரத்தை நிமிர்ந்து நிற்க வைக்கும் பொருளுக்கு லிக்னின் என்று பெயர். மரக்கூழால் செய்த மலிவான தாளில் அது மிகுதியாகத் தங்கியிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல லிக்னின் சிதையும். தாள் பழுப்பேறுவதும் அதனாலேயே. அப்படிச் சிதையும்போது தோன்றும் பொருள்களுள் வெனிலினும் ஒன்று. பழைய புத்தகத்தை விரித்தால் ஓர் இனிப்பு மணம் வருவதன் காரணம் இதுவே. என் மூக்கு பொய் சொல்லவில்லை. பாடகியின் புட்டியிலும் எங்கள் பள்ளி அலமாரியிலும் இருந்தது ஒரே குடும்பத்து மணம்தான்!

இந்த மணத்தைக் கதகதப்பானது என்று ஏன் சொல்கிறார்கள்? வாசனை ஆக்குவோர் மணப்பொருள்களை மூன்று அடுக்காக வைப்பார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு முதலியவை மேலடுக்கு. பூசியவுடன் எழுந்து சில நிமிடங்களில் பறந்துவிடும். பூக்களின் மணம் நடு அடுக்கு. வெனிலின் போன்றவை அடியடுக்கு. வெனிலின் அறை வெப்பத்தில் திண்மப் பொருள். அதன் கொதிநிலை ஏறத்தாழ 285 பாகை செல்சியஸ். ஆகவே அது விரைந்து ஆவியாவதில்லை. உடம்புச் சூட்டில் சிறுகச் சிறுக எழுந்து நெடுநேரம் நிற்கிறது. மாலையில் பூசிய வாசனையில் மறுநாள் காலை உடையில் தங்கியிருப்பது பெரும்பாலும் அடியடுக்குத்தான். பாரிசு நகரத்துக் கெர்லேன் நிறுவனம் 1889-இல் ‘ஜிக்கி’ என்னும் வாசனையில் செயற்கை வெனிலினைச் சேர்த்தது. அன்றுமுதல் இன்றுவரை வெனிலின் வாசனைத் தொழிலை விட்டு நீங்கவேயில்லை.

புட்டியின் மேல் புகழ்பெற்றவர் பெயர் ஏறியது எப்படி? திரைப்பட நடிகை எலிசபெத் டெய்லர் 1991-இல் ‘ஒயிட் டயமண்ட்ஸ்’ என்னும் வாசனையை வெளியிட்டார். அது பெருவாரியாக விற்றது. அதன் பின்னர் நடிகர்களும் பாடகர்களும் அணிவகுத்து வந்தார்கள். வழக்கமாக இது நடக்கும் முறை எளிது. ஒரு நிறுவனம் புகழ்பெற்றவரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும். அவர் தம் பெயரையும் முகத்தையும் விருப்பத்தையும் தருவார். மணத்தைச் சேர்த்து ஆக்குபவர் பயிற்சி பெற்ற வேறொரு கலைஞர். ‘ஒயிட் டயமண்ட்ஸ்’ வாசனையை ஆக்கியவர் கார்லோஸ் பெனாயிம். புட்டியை வாங்கியவர்களுள் அந்தப் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இதைச் சொன்னபோது என் தமக்கை மகள் ஓர் எதிர்க்கேள்வி கேட்டாள்: “பெயர் போட்டால்தானே, மாமா, விற்கிறது? அதில் என்ன தவறு?” கேள்வி நியாயமானது. பாடகியின் பெயர் இல்லாவிட்டால் அந்தப் புட்டி திருச்சுழி வரை வந்திராது. தாம் விரும்பிய மணத்துக்கு ஒருவர் தம் பெயரை இடுவதும் குற்றமன்று. பெயருக்கு விலை உண்டு. அந்த விலையில் மற்றவர்களுக்கு உரிய பங்கு கிடைக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது. அதை அறிய மடகாஸ்கர் வரை போக வேண்டியதில்லை. அவள் வீட்டுத் திண்ணையே போதும்.

அருப்புக்கோட்டை என்னும் பெயரே ‘அரும்புக்கோட்டை’ என்பதன் திரிபு என்றும், மல்லிகை அரும்பு மலிந்த ஊராதலால் அப்பெயர் வந்தது என்றும் ஊரார் சொல்வதுண்டு. கிணற்று நீர் இருக்கும் இடத்தில் அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ மல்லிகை வைப்பார்கள். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே பறிக்கப்படுகிறது. விரிந்த பூவுக்குச் சந்தையில் மதிப்பில்லை. ஆகவே வெயில் ஏறுமுன், இருட்டோடு எழுந்து, அன்று மாலை விரியப்போகும் மொட்டு எது, நாளை விரியப்போகும் மொட்டு எது என்று கையால் அறிந்து கிள்ள வேண்டும். அது விரல் நுனியில் இருக்கும் படிப்பு. ஒரு கிலோ என்பது ஆயிரக்கணக்கான மொட்டுகள். பறித்த மொட்டு உயிரோடுதான் இருக்கிறது. கூடையில் இருந்தபடியே மாலையில் விரிந்து மணம் வீசத் தொடங்குகிறது.

திருமண நாள்களில் மல்லிகை விலை மேலே ஏறும். சித்திரை, வைகாசியில் செடி கொட்டிப் பூக்கும்போது, அதே பூ பறிகூலிக்கும் கட்டாமல் போகும். அப்படி மலிந்த பூவை வாங்குவன மணச்சாறு எடுக்கும் ஆலைகள். தமிழ்நாட்டில் சத்தியமங்கலம், கோயம்புத்தூர்ப் பக்கங்களில் இத்தகைய ஆலைகள் உண்டு. பூவை ஒரு கரைப்பானில் நனைத்து மணத்தைக் கரைத்தெடுத்து, பின் கரைப்பானை ஆவியாக்கிவிடுவார்கள். ஆயிரம் கிலோ மலருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ மெழுகுப்பசைதான் மிஞ்சும். அதைச் சாராயத்தில் கரைத்துத் தூய்மை செய்தால் இன்னும் குறையும். அந்தச் சாறு கடல் கடந்து செல்கிறது. உலகின் பெயர்பெற்ற வாசனைகள் பலவற்றில் நடு அடுக்காக அமர்கிறது. புட்டியில் அருப்புக்கோட்டை என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 2013-இல் ‘மதுரை மல்லி’ புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டுக்கு உரிய நிலப்பரப்பில் விருதுநகர் மாவட்டமும் அடங்கும். ஊரின் பெயருக்கு மதிப்பு உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டது நல்ல செய்தி. ஆனால் அந்த மதிப்பிலும் எங்கள் ஊர் அரும்பு மதுரையின் பெயரில்தான் சந்தைக்குப் போகிறது! மொட்டுக் கிள்ளியவளின் பெயர் அதற்கும் பின்னால் எங்கோ இருக்கிறது.

தமக்கை மகள் புருவத்தைச் சுருக்கினாள். “அப்படியானால் என் புட்டியில் நம் வீட்டு மல்லிகை இருக்கிறதா, மாமா?” இருக்கிறது என்று சொல்லி அவளை மகிழ்வித்திருக்கலாம். ஆனால் எனக்கு அது தெரியாது, தெரியாததைச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சொன்னேன். குண்டுமல்லியின் மணத்தில் லினலூல் என்று ஒரு பொருள் உண்டு. வாசனைத் தொழிலில் மிகுதியாகப் பயன்படும் பொருள்களுள் அது ஒன்று. அதே லினலூல் வேறொரு செடியின் விதை எண்ணெயில் பாதிக்கு மேல் இருக்கிறது. அந்தச் செடி கொத்தமல்லி. ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் விதைத்து, பனி ஈரத்திலேயே வளர்ந்து, மாசியில் அறுக்கும் நம் மானாவாரி மல்லி! பூவையும் விதையையும் நம் முன்னோர் ‘மல்லி’ என்று ஒரே சொல்லால் அழைத்தார்கள். வேதியியலும் அவை இரண்டிலும் ஒரே பொருளைக் காட்டுகிறது. இது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் இனிய தற்செயல்.

அவள் எழுந்து உள்ளே போனாள். மூட்டையிலிருந்து ஒரு பிடி மல்லியை அள்ளி, உள்ளங்கையில் நசுக்கி முகர்ந்தாள். பிறகு திண்ணைக்கு வந்து, தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் மொட்டுத் தெரியத் தொடங்கினாள். என் தமக்கை ஒன்றும் சொல்லவில்லை. கூடையைச் சற்று அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

விடுமுறை முடிந்து இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது. தன் ஆசிரியையின் இசைவு பெற்று, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வீட்டுக் கொத்தமல்லியை இடித்து நீராவியால் வாலைவடித்தாளாம். ஒரு கை நிறைய இட்ட விதைக்குச் சில துளி எண்ணெய்தான் மிதந்ததாம். கண்ணை மூடிக்கொண்டு முகரச் சொன்னபோது, ஒருத்தி ‘பூ’ என்றாளாம். ஒருத்தி ‘எலுமிச்சை’ என்றாளாம். ‘ரசம்’ என்றவளும் உண்டாம். பேருந்தில் கேலி செய்தவர்களும் வரிசையில் நின்று முகர்ந்தார்களாம்.

அந்த எண்ணெயை ஒரு சிறு குப்பியில் அடைத்து, ஒரு படமும் அனுப்பியிருந்தாள். ஆய்வுக்கூட வழக்கப்படி குப்பியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பொருளின் பெயர், நாள், விளைந்த ஊர் ஆகியவற்றை எழுதிவிட்டு, கடைசி வரியில் பயிரிட்டவர் என்று போட்டுத் தன் தாயின் பெயரை முழுமையாக எழுதியிருந்தாள். பாடகியின் புட்டியை அவள் எறிந்துவிடவில்லை. விழா நாள்களில் இன்னமும் பூசிக்கொள்கிறாளாம். விடியற்காலையில் பூ எடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறும் நாள்களில் மட்டும் அதைத் தொடுவதில்லை என்று எழுதியிருந்தாள்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு வாசனைப் புட்டியோ, ஒரு பொட்டலமோ, ஒரு சேலையோ இருக்கும். அதன் மேல் ஒரு பெயர் அச்சிட்டிருக்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் எந்த ஊர் இருக்கிறது, எந்தக் கை இருக்கிறது என்று ஒரு நாள் விசாரித்துப் பாருங்கள். சில வேளைகளில் அந்தக் கை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கக் கூடும்.